கடைசிக் கதை சொன்ன இடம்

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். மூன்று நான் பெற்றது, இரண்டு என் கொழுந்தனாருடையது. அவர்களில் ஒருவர்கூட இன்றைக்கு வரைக்கும் என் முன்னால் குரலை உயர்த்திப் பேசியதில்லை. அப்படிப்பட்ட நான், ஒரே ஒரு ஆளின் முன்னால் மட்டும் எச்சில் விழுங்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த அம்மாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். பேரை எழுதப்போவதில்லை. சிங்காநல்லூர்ப் பக்கம் அவரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதுமில்லை. டூர்க்காரம்மா என்றால் போதும்.

வருசத்துக்கு ஒரு தடவை ஒரு பஸ் பேசி, பெண்களை மட்டும் ஏற்றிக்கொண்டு மெட்ராசுக்குப் போவார். பழனியும் திருப்பதியும் தாண்டி எந்த ஊரும் பார்க்காத பெண்கள். எங்களில் பாதிப் பேருக்குப் பஸ் போர்டு படிக்க வராது. சாமி காட்டக் கூட்டிப்போகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அந்த அம்மா கோயில் பக்கமே போகமாட்டார். "சாமி எங்கயும் போயிராது, அப்பறமாப் பாத்துக்கலாம். இந்தக் கட்டடமெல்லாம் என்ன சொல்லுதுன்னு கேளுங்க" என்பார்.

பஞ்சு மில் வைத்திருந்த வீட்டில் பிறந்தவர். வீட்டில் பேசுவது தெலுங்கு. கோபம் முற்றினால் எங்களிடமும் அதுதான் வரும். கல்யாணமாகி மெட்ராசில் கொஞ்ச காலம் குடியிருந்து, புருசன் போனபிறகு அப்பா வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். கதைகளை எங்கே கற்றீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "நடந்தேன். கேட்டேன்" என்றார். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரு கட்டடத்தைக் காட்ட வேண்டுமென்றால் கையை நீட்டமாட்டார். நம் தாடையை இரண்டு விரலால் பிடித்து அந்தப் பக்கம் திருப்புவார். வலிக்காது. ஆனால் திருப்பிய முகத்தை அவர் விடுகிறவரை இந்தப் பக்கம் கொண்டுவர முடியாது.

ஒருமுறை மவுண்ட் ரோட்டில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்காரத் துரையின் சிலைக்குப் பக்கத்தில் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். "நல்லாப் பாருங்க. அந்தக் குதிரைகிட்ட என்ன இல்ல?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. பின்னால் நின்ற வண்டிகள் ஆரன் அடித்தன. டிரைவர் கெஞ்சினார். அந்த அம்மா அசையவில்லை. கடைசியில் சூலூர்க்காரி ஒருத்தி, "கால் வைக்கற வளையம் இல்லீங்க" என்றாள். "அதான். செஞ்சவன் மறந்துட்டான், அவமானத்துல செத்துப்போனான்னு ஊருக்குள்ள சொல்லுவாங்க. சுத்தப் பொய். அதே ஆளு வேற ஊருல செஞ்ச குதிரைக்கும் வளையம் வெக்கல. அவன் மறக்கல, வேண்டாம்னு உட்டான். எடுப்பா, வண்டிய" என்றார்.

கதை முடிந்ததும் யாரையாவது பார்த்து, "நான் என்ன சொன்னேன்?" என்பார். இந்த ஒரு கேள்விக்குத்தான் பஸ்ஸே நடுங்கும். சொல்லத் தெரியாதவளைத் திட்டமாட்டார். திட்டினால்கூடப் பரவாயில்லை. ரிட்டயரான டீச்சர் ஒருத்தர் ஒரு வருசம் கதைக்கு நடுவில் கண்ணயர்ந்துவிட்டார். திரும்பி வரும்போது அதே கட்டடத்தின் முன்னால் பஸ்ஸை நிறுத்தி, அந்த டீச்சரை மட்டும் இறக்கி, வெயிலில் நிற்கவைத்து முழுக் கதையையும் முதலிலிருந்து சொன்னார். நாங்கள் எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். "கண்ணு பாத்துச்சு, சரி. காது பாத்துச்சா?" என்று கேட்டது எங்களுக்கும் கேட்டது. அந்த டீச்சர் அப்புறம் எந்த வருசமும் வரவில்லை.

காந்திபுரத்தில் பஸ் ஏறும் முன்பே ஜெயில் மதில் ஓரமாக எங்களை வரிசையாக நிறுத்துவார். முதல் கதை அங்கேயேதான். வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கப்பல் விட்ட மனுசனைக் கொண்டுவந்து செக்கு இழுக்க வைத்தது இந்த மதிலுக்குள்தான் என்பார். "தினம் இந்த வழியாப் போறீங்க, தெரியுமா?" தெரியாது. அப்புறம் ஒவ்வொருத்தியின் முன்னாலும் வந்து நின்று, முகத்துக்கு நேராக ஒரே விசயத்தைச் சொல்வார்.

"தொலைஞ்சுபோனா பஸ்ஸத் தேடாத. பஸ்ஸு நகரும், போலீஸ்காரன் நகருவான், கூட்டம் நகரும். கட்டடம் நகராது. நான் கடைசியா எங்க கதை சொன்னனோ அங்க போய் நில்லு. நான் வருவேன்."

திருப்பிச் சொன்னால்தான் பஸ்ஸில் ஏற முடியும்.

இனி நான் சொல்ல வந்த வருசம். அந்தத் தடவை என் நங்கையாவும் வந்தார்கள். நங்கையா என்றால் என் வீட்டுக்காரருடைய அக்கா. சோமனூரில் தறி ஓட்டிக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள். விசைத்தறிக் குடோனில் நாலு தறி ஓடினாலே பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அங்கே நாற்பது ஓடும். அதனால் தறிக்காரர்கள் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். நங்கையாவுக்கு அது பழக்கமாகி, பழக்கமே காதாகிவிட்டது. முகத்தைப் பார்த்துப் பேசினால் பதில் டக்கென்று வரும். முதுகுக்குப் பின்னால் இடி விழுந்தாலும் தெரியாது.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் தெரிந்த விசயம். அந்தச் சமயத்தில் நங்கையாவின் ஒரே பெண்ணுக்குப் பவானியில் சம்பந்தம் பேசியிருந்தது. ஜமக்காளம் நெய்து விற்கிற குடும்பம், நல்ல இடம். உப்பு, சர்க்கரை மாற்றவில்லை, அதாவது இன்னும் நிச்சயம் ஆகவில்லை. தாய்க்குக் காது கேட்காது என்று தெரிந்தால், பெண்ணுக்கும் வரும், பேரனுக்கும் வரும் என்று எழுந்து போய்விடுவார்கள். தறியில் போன காது என்று யாரும் நின்று கேட்கமாட்டார்கள். அப்படி ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றதை நாங்கள் பக்கத்துத் தெருவிலேயே பார்த்திருக்கிறோம்.

இதில் மாப்பிள்ளையின் தாயான அந்தப் பவானி அம்மாவே, "ரெண்டு சம்பந்தியும் ஒண்ணா மெட்ராஸ் பாத்துட்டு வரலாமுங்க" என்று ஆசையாகக் கேட்டுவிட்டார். மறுத்தால் என்னவோ ஏதோ என்று தோன்றும். அதனால் நங்கையா வந்தார்கள். அவர்களுக்கும் சம்பந்திக்கும் நடுவில் என்னை உட்கார வைத்தார்கள். "நீ பாத்துக்கோ" என்று மட்டும் என் வீட்டுக்காரர் சொன்னார். போய் வருகிறவரை நான் ஒழுங்காக மூச்சு விடவில்லை.

பஸ்ஸுக்குள் கதை சொல்ல அந்த அம்மா மைக் வைத்திருந்தார். உதட்டோடு ஒட்டிப் பிடித்துக்கொள்வார். கண்ணும் மூக்கும்தான் தெரியும். அப்போதெல்லாம் நான் நங்கையாவின் தொடையைத் தட்டுவேன். அவர்கள் தலையை ஆட்டுவார்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் இரண்டு தட்டு. சம்பந்தி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கதை கேட்டதால் கவனிக்கவில்லை.

மெட்ராஸ் போய்க் குளித்துச் சாப்பிட்டதும் முதலில் கடற்கரை ரோட்டில் ஒரு வட்டமான கட்டடத்தின் எதிரே எங்களை இறக்கினார். இந்த ஒரு கதையை மட்டும் அவர் பஸ்ஸுக்குள் சொல்வதில்லை. மைக் கிடையாது. நடைபாதையில் எங்களைச் சுற்றி நிற்கவைத்துத் தணிந்த குரலில் சொல்வார். கடல் காற்றில் பாதிப் பேருக்குக் கேட்காது. நெருங்கி நெருங்கி நிற்போம். நங்கையா எல்லோருக்கும் முன்னால் போய், அந்த அம்மாவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டார்கள்.

"இது என்னன்னு நெனைக்கறீங்க?"

"கேக்கு மாதர இருக்குதுங்க" என்றாள் ஒருத்தி.

"ஐஸ் வெச்ச ஊடு. இந்த வெயிலு ஊருல ஐஸ் ஏது? அமெரிக்காவுல குளுருல கொளமே ஒறஞ்சுபோகும். அதை ரம்பம் போட்டு அறுத்து, மரத்தூளுக்குள்ள பொதிஞ்சு, கப்பல்ல ஏத்தி, மாசக்கணக்காக் கடல்ல கொண்டாந்து இங்க எறக்கினாங்க. தொரைங்க குடிக்கற தண்ணி சில்லுன்னு இருக்கோணுமாம்."

"உருகிப் போயிராதுங்களா?"

"உருகற வரைக்கும் உருகும். மிச்சத்தை வித்தான். அப்பறம் மிசின்ல ஐஸ் செய்யக் கத்துக்கிட்டாங்க. யாவாரம் படுத்துருச்சு, ஊடு கை மாறுச்சு. பெரிய சாமியார் ஒருத்தரு வந்து தங்கினதை எல்லாருஞ் சொல்லுவாங்க. நான் அதுக்குப் பொறவு இருந்தவங்களைச் சொல்றேன். தாலி அறுத்த சின்னப் புள்ளைங்க. பத்து வயசு, பன்னெண்டு வயசு. ஊட்டுல மூலையில உக்காத்தி வெச்சிருந்த புள்ளைங்களைக் கொண்டாந்து, இதுக்குள்ள தங்க வெச்சுப் படிக்க வெச்சாங்க. பொழுதோட இந்த மணல்ல ஓடியாடிட்டு, உள்ள போய்ப் பாடம் படிச்சிருக்கறாங்க."

 சொல்லி முடித்ததும் அந்த அம்மா நேராக நங்கையாவைப் பார்த்தார். "நான் என்ன சொன்னேன்?"

 சம்பந்தி என் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தார்.

நங்கையா தறிக்குடோன் குரலில் சொன்னார்கள்: "வெள்ளைக்காரன் ஐஸ் வெச்சான், உருகிப்போச்சு. நம்மாளுக புள்ளைகள வெச்சாங்க, நின்னுக்கிச்சு."

திருப்புவதற்காக இல்லாமல் அந்த அம்மா ஒருவர் தாடையைப் பிடித்து நான் அன்றுதான் பார்த்தேன். சும்மா தொட்டார். "எத்தனையோ பேருக்குச் சொல்லிப்போட்டேன். கண்ணெடுக்காமக் கேட்டது இந்த அம்மணி ஒருத்திதான். பாத்துக்குங்க எல்லாரும்" என்றார்.

"சம்பந்தி பேசறது அக்கட்டால நிக்கற கப்பலுக்கே கேக்குமுங்க" என்றார் பவானி அம்மா.

"தறிச்சத்தத்துல கத்திப் பேசிப் பழகினவங்கங்க" என்றேன். என் குரல் எனக்கே மெல்லிசாகக் கேட்டது.

அதன்பிறகு பஸ். கோட்டையைத் தாண்டும்போது ஒரு கதை, மைக்கில். ஐகோர்ட்டைத் தாண்டும்போது ஒரு கதை, அதுவும் மைக்கில். "அந்தக் கோபுரத்தோட உச்சிய அண்ணாந்து பாருங்க. கோர்ட்டுத் தலையில வெளக்கு வெச்சிருந்தாங்க. கடல்ல வார கப்பலுக்கு இந்தக் கோர்ட்டுத்தான் வழி காட்டுச்சு. கீழ கேசு நடக்கும், மேல வெளக்கு எரியும்." கதை முடிந்து அவர் கண் எங்கள் வரிசைப் பக்கம் வந்தது. தன் நல்ல மாணவியைத்தான் தேடுகிறார் என்று தெரிந்துவிட்டது. நல்லவேளை, பஸ் நின்றது. பாரிமுனைக் கடைவீதி வந்திருந்தது. எல்லோரும் இறங்கினோம்.

வளையல் கடைக்கும் பாத்திரக் கடைக்கும் நடுவில், தோளோடு தோள் இடிக்கிற ஒரு சந்து. சம்பந்தி ஒரு தூக்குப்போசியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பினேன். நங்கையா இல்லை.

"சம்பந்தீ" என்று பவானி அம்மா கூப்பிட்டார். கூட வந்த பெண்களும் கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் கேட்காது என்பது அந்தச் சந்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டு நின்றால் சந்தேகம் வரும் என்று நானும் "நங்கையா, நங்கையா" என்று கத்தினேன். அந்த மாதிரி ஒரு கத்தலை நான் வாழ்க்கையில் கத்தியதில்லை.

டூர்க்காரம்மா வந்தார். பதறவில்லை. "எதுக்குக் கத்தறீங்க? அவளுக்கு என்ன செய்யணும்னு தெரியும். எல்லாரும் கோர்ட்டு வாசலுக்கு வாங்க" என்றார்.

கோர்ட்டு மதில் கண்ணுக்கு எட்டும் தூரந்தான். போய் நின்றோம். நங்கையா அங்கே இல்லை. வந்துவிடுவார்கள் என்று உட்கார்ந்தோம். கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள் போனார்கள், வந்தார்கள். வெயில் மதில்மேல் ஏறிக்கொண்டே போனது. டிரைவர் வந்து, பஸ்ஸை நிறுத்த விடமாட்டேன் என்கிறார்கள் என்று புலம்பினார். போலீசிடம் சொல்லலாம் என்றாள் ஒருத்தி.

"சொல்லலாம். முதல்ல அவ வரட்டும்" என்றார் அந்த அம்மா. "இந்தப் பஸ்ஸுல கதை கேட்டவ அவ ஒருத்திதான். அவ தொலையமாட்டா."

"அதெல்லாஞ் செரிங்க" என்றார் பவானி அம்மா. "அத்தன பேரு தொண்ட கிழியக் கூப்பிட்டோம். சந்துக்குள்ளதான இருந்திருப்பாங்க? காதுல உழாமயா போயிருக்கும்?"

 அவர் என்னைத்தான் பார்த்தார். நான் என் பையைப் பிரித்து எதையோ தேடினேன்.

பெண்கள் சிலர் அழ ஆரம்பித்தார்கள். அவர்களை அமர்த்துவதற்காக அந்த அம்மா எழுந்து எங்களுக்கு எதிரே நின்று, அந்த மதிலின் கதையைத் தொடங்கினார். முதல் உலகச் சண்டையில் ஜெர்மன்காரன் கப்பல் ஒன்று கடலில் நின்று ஊருக்குள் குண்டு போட்டதையும், ஒரு குண்டு இந்த மதில் பக்கம் விழுந்ததையும் சொன்னார். "அந்தக் கப்பல் பேரு எம்டன். அவன் பெரிய எமகாதகன்னு சொல்றதுக்கு இன்னைக்கும் எம்டன்னு சொல்றோமே, அது இங்கிருந்து வந்ததுதான்" என்றார்.

எனக்குக் கதை காதில் ஏறவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு நன்றாக அசைந்தது. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. நங்கையா இங்கே இருந்திருந்தால் ஒரு எழுத்து விட்டிருக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். நினைத்ததுமே எனக்கு உறைத்தது. பஸ்ஸில் கோர்ட்டுக் கதை சொன்னபோது இந்த வாய் தெரியவில்லை. கோட்டைக் கதையிலும் தெரியவில்லை. நங்கையாவைப் பொறுத்தவரை இங்கே யாரும் எந்தக் கதையும் சொல்லவில்லை. அவர்களுக்குக் கடைசிக் கதை சொன்ன இடம் அந்த ஐஸ் வீடு.

அந்த அம்மாவிடம் போய், "அம்மா, சித்த இப்படி வாங்க" என்றேன்.

"இங்கயே சொல்லு."

"பொம்பளைக சமாச்சாரமுங்க."

"இங்க யாருங்க ஆம்பள?" என்றார் பவானி அம்மா. கூடவே எழுந்தும் விட்டார்.

சொன்னால் கல்யாணம் போகும். சொல்லாவிட்டால் நங்கையா போவார்கள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் பேசாமல் டூர்க்காரம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். அவரை அப்படி இழுத்தவள் ஊரில் நான் ஒருத்திதான் இருப்பேன். கூட வந்தவர்கள் சம்பந்தியைப் பேச்சில் பிடித்துக்கொண்டார்கள். ஆட்டோக்கள் நிற்கும் இடத்துக்குப் போனபிறகு எல்லாவற்றையும் சொன்னேன். காது, தறி, கல்யாணம், நான் தொடையில் தட்டியது, எல்லாம்.

அடிப்பார் என்றே நினைத்தேன். அவர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, "ஐஸ் ஹவுஸ்" என்றார். நானும் ஏறினேன்.

கொஞ்ச தூரம் போனபிறகு கேட்டார். "கோட்டைக் கதை?"

"இல்லீங்க."

"வழியில சொன்னதெல்லாம்?"

"இல்லீங்க. வெளிய நின்னு சொன்னது மட்டுந்தானுங்க. ஐஸ் ஊடு பூராங் கேட்டாங்க."

"என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. கதைக்குன்னு நெனச்சேன்."

"கதைக்குத்தானுங்க. அவங்களுக்கு உங்க வாய்தானுங்க கதை."

அவர் வெளியே கடலைப் பார்த்தார். "பஸ்ஸு பேசின வருசம் பூரா மைக்கப் புடிச்சுட்டே வந்திருக்கறேன். சோமனூர்க்காரிக, பல்லடத்துக்காரிக எத்தன பேரு ஏறியிருப்பாங்க. தலைய ஆட்டறவங்களையெல்லாம் கேக்கறாங்கன்னு நெனச்சேன். பதில் சொல்லத் தெரியாதவளையெல்லாம்..." என்று நிறுத்திக்கொண்டார். அந்த டீச்சர் என் ஞாபகத்துக்கு வந்தார். அவருக்கும் வந்திருக்கும்.

ஐஸ் வீட்டின் எதிரே, காலையில் நின்ற அதே இடத்தில், பையை மார்போடு அணைத்துக்கொண்டு நங்கையா நின்றிருந்தார்கள். ஒரு போலீஸ்காரர் பக்கவாட்டில் நின்று என்னவோ அதட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நங்கையா கடற்கரை ரோட்டையே பார்த்தபடி நின்றதால் அவர் பேசுவது இவர்களுக்குத் தெரியவில்லை. வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருக்கிறாள் என்று அவருக்குக் கோபம். இரண்டு மூன்று ஆண்கள் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். ஒருவன் பையை இழுத்துப் பார்க்கச் சொன்னான்.

அந்த வயதில் அந்த அம்மா அப்படி ஓடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. போலீஸ்காரருக்கும் நங்கையாவுக்கும் நடுவில் புகுந்து, "என் கூட வந்தவ" என்றார்.

நங்கையாவின் முகத்தில் பயம் இல்லை. "கடைசியாக் கதை சொன்ன எடத்துல நில்லுன்னீங்க. ஐஸ் ஊடுன்னு சொல்லி ஆட்டோ புடிச்சு வந்து நின்னேனுங்க. வந்துட்டீங்க" என்றார்கள்.

அந்த அம்மா அவர்களுக்கு நேராக நின்று, வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக, "லேட்டாயிருச்சு அம்மணி" என்றார்.

ஆட்டோவில் திரும்பும்போது எனக்கு அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. ஆள் கிடைத்தாயிற்று. ஆனால் எல்லோரும் கோர்ட்டு வாசலில் நிற்க, இவர்கள் ஏன் அங்கே போனார்கள் என்று சம்பந்தி கேட்பார். அதற்கு என்ன பதில்? டூர்க்காரம்மா பொய் சொல்கிறவர் இல்லை. குதிரைச் சிலையைப் பற்றி ஊர் சொன்ன பொய்க்கே அத்தனை வண்டியை நிறுத்திவைத்தவர். என்ன சொல்லப்போகிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

சம்பந்தி பஸ் படியிலேயே காத்திருந்தார். ஐஸ் வீட்டிலிருந்து கூட்டிவருகிறோம் என்றதும் கேட்டார்: "அங்க எதுக்குங்க போனாங்க? கூப்பிட்டது கேக்கலியா, இல்ல சொன்னது கேக்கலியா?"

டூர்க்காரம்மா படியில் ஏறி நின்று, எல்லோரும் திரும்பிப் பார்க்கும்வரை காத்திருந்தார். மைக்கை எடுக்கவில்லை.

"அம்மணி தொலஞ்சு போகல. எனக்குக் கடைவீதி வேண்டாமுங்க, அந்தப் புள்ளைக இருந்த ஊட்ட இன்னொருக்காப் பாத்துட்டு அங்கயே நிக்கறேன்னு எங்கிட்டச் சொல்லீட்டுத்தான் போனா. போற வழியில ஏத்திக்கறேன்னு நாந்தான் அனுப்பி வெச்சேன். அனுப்பி வெச்சதை மறந்துபோட்டேன்."



"மறந்துபோட்டீங்களா?" என்றார் பவானி அம்மா. "இத்தன நேரம் தெருவுல உக்காத்தி வெச்சு, அவ வருவா வருவான்னு வேற சொன்னீங்களே. நாலு பொம்பளைகள நம்பி அனுப்பறாங்க. ஞாபகமில்லாதவங்களுக்கு இந்த வேல எதுக்குங்க?"

"ஆமாங்க. தப்புத்தான்" என்றார் அந்த அம்மா. அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் முன்னால் கேட்டதில்லை. பின்னாலும் கேட்டதில்லை.

கல்யாணம் நடந்தது. அந்த அம்மாவும் வந்தார். பந்தியில் அவர் உட்கார்ந்திருந்த வரிசைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இவங்கதான், ஆள அனுப்பிப்போட்டு மறந்தவங்க" என்று பவானி அம்மா யாருக்கோ காட்டினார். அந்த அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். இலையை மடித்துவிட்டு எழுந்து போனார்.

பேச்சு சூலூர், சோமனூர் எல்லாம் பரவிவிட்டது. வயதாகிவிட்டது, ஆளை விட்டுவிட்டு வந்துவிடுவார் என்றார்கள். அடுத்த வருசம் பஸ் நிறையவில்லை. அதற்கடுத்த வருசம் அவர் பஸ் பேசவேயில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் அதற்கப்புறம் பழனிக்கும் திருப்பதிக்கும்தான் போனார்கள்.

நங்கையாவின் காது சம்பந்திக்குத் தெரிய வந்தபோது பேரன் பிறந்து நடக்க ஆரம்பித்திருந்தான். அப்போது அது ஒரு சேதியாகவே இல்லை. "அதனாலென்னங்க, எங்க அய்யனுக்குங்கூடக் கேக்காது" என்று சம்பந்தியே சொல்லிவிட்டார். அன்றைக்கு நான் மெதுவாக, "அப்ப டூர்க்காரம்மா சொன்னது..." என்று எடுத்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார். யோசித்துவிட்டு, "அந்தம்மா மறந்தது மறந்ததுதானுங்களே" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. சிங்காநல்லூருக்கே போனேன். அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். ரொம்ப இளைத்திருந்தார். "இப்பத்தான் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சுங்களே. நடந்ததை நான் ஊரறியச் சொல்லிப்போடறேனுங்க. உங்க பேருல எதுக்குங்க அந்தப் பழி?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பழைய பார்வை. நான் எச்சில் விழுங்கினேன்.

"என்னத்தச் சொல்லுவ? நான் மறந்துபோட்டேன். அவ்வளவுதான" என்றார்.

"அம்மா, எனக்கே இப்படிச் சொல்றீங்களே. ஆட்டோவுல நானுந்தான உங்க கூட வந்தேன்?"

"வந்தயா? எனக்கு ஞாபகமில்ல" என்றார். வெற்றிலைத் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

நான் சத்தியம் செய்யவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆனாலும் அவர் இருக்கிறவரை நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது அவரும் இல்லை, நங்கையாவும் இல்லை. போன மாதம் பவானி வீட்டு விசேசத்தில் மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். மெட்ராசில் ஆளை அனுப்பிவிட்டு மறந்துபோன ஒரு பாட்டி என்று. அன்றைக்கு ராவே எழுத உட்கார்ந்துவிட்டேன். எனக்கு எழுத்து வேகமாக வராது. அதனால் இத்தனை நாள் ஆயிற்று.

கண்ணு, கைவேலையை வைத்துவிட்டு இப்படி வா. இதை முதலிலிருந்து எனக்கு ஒருதரம் வாசித்துக் காட்டு. எழுத்துப் பிழையை நீ அப்புறம் திருத்திக்கொள்ளலாம். அந்த அம்மா எதையும் மறக்கவில்லை என்பது படிக்கிறவர்களுக்குத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லு.